பெயர் வேண்டுமா, உறவு வேண்டுமா? பாக்டீரியாவை வகைப்படுத்த எந்த வழி

ஒரு பாக்டீரியாவைக் கொண்டுவந்து "இது என்ன வகை?" என்று கேட்பவரிடம், "எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டுவிடுவது என் வழக்கம். திமிர் அல்ல. பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருக்கும் மருத்துவருக்கு வேண்டிய பதில் ஒன்று. ஒரே வாரத்தில் பலர் நோயுற்றதற்கு மூலம் ஒன்றுதானா என்று துப்புத் துலக்குபவருக்கு வேண்டியது வேறு. கடலடிச் சேற்றில் கிடைத்த உயிர் எந்தக் கிளையைச் சேர்ந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் ஆய்வாளருக்கு வேண்டியது இன்னொன்று. மூவரும் "வகைப்பாடு" என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால்தான் குழப்பமே.

கூட்டத்தில் ஒருவரை அடையாளம் காண அவர் கன்னத்து மச்சம் போதும். அவர் யாருடைய பேரன் என்று சொல்ல மச்சம் உதவாது. பாக்டீரியாவிலும் இப்படித்தான். சில வழிகள் மச்சத்தைப் பார்க்கின்றன, சில வழிகள் வம்சத்தைப் பார்க்கின்றன. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்ளும் மாணவர் தேர்வில் தப்பிவிடலாம். ஆய்வகத்தில் தப்பமாட்டார்.

இன்று கைக்கு எட்டும் வழிகள் இவை: நுண்ணோக்கியில் வடிவம், கிராம் சாயம், உயிர்வேதிச் சோதனைகள், எதிர்ப்புரதச் சோதனை, புரதங்களின் நிறையளவு, 16எஸ் மரபணு (செல்லில் புரதம் கட்டும் ரைபோசோமின் ஆர்என்ஏ ஒன்றுக்கானது), கடைசியாக முழு ஜீனோம், அதாவது உயிரின் மொத்த டிஎன்ஏ. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாயத்தை ஒருபோதும் விடாதீர்கள், ஆனால் அது காட்டுவதை உறவுமுறை என்று நம்பிவிடாதீர்கள். ஜீனோமை மதியுங்கள், ஆனால் ஐந்து நிமிட வேலைக்கு அதை இழுக்காதீர்கள். எங்கே எது பொருந்தும் என்பதற்குக் கொஞ்சம் விரிவு தேவை.

வடிவம்: பார்த்ததும் ஏமாற்றுவது

பதினெட்டாம் நூற்றாண்டில் லின்னேயஸ் இந்த நுண்ணுயிர்களை என்ன செய்வதென்று தெரியாமல் புழுக்களோடு சேர்த்து, "கேயாஸ்", அதாவது குழப்பம், என்று ஒரு பேரினத்துக்குப் பெயரிட்டு ஒதுக்கிவைத்தார். நேர்மையான பெயர். 1872இல் ஃபெர்டினாண்ட் கோன் வடிவத்தை அளவுகோலாக எடுத்து நான்கு கூட்டங்களாகப் பிரித்தார்: உருண்டை, குட்டைக் கோல், நீண்ட கோல் அல்லது இழை, சுருள். அன்றைய நுண்ணோக்கிக்கு அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை.

ஆனால் உருண்டையாக இருப்பது ஒரு குடும்ப அடையாளம் அல்ல. உருண்டையான நைசீரியாவின் நெருங்கிய சொந்தங்கள் கோல் வடிவ ஈ.கோலையும் சூடோமோனாசும்தான், அதே உருண்டை வடிவமுள்ள ஸ்டஃபைலோகாக்கஸ் அதற்கு வெகுதூரம். வடிவமும் உறவும் ஓரளவு ஒத்துப்போகும் இடம் ஸ்பைரோகீட்டுகள். உடலுக்கும் வெளிச்சவ்வுக்கும் நடுவே, நகர உதவும் கசையிழைகளை ஒளித்துவைத்துக்கொண்டு திருகாணிபோல் முன்னேறும் கூட்டம் அது. அங்கேயும் ஸ்ஃபீரோகீட்டா என்று உருண்டையாய், கசையிழையே இல்லாமல் ஓர் உறவினர் கிடைத்து, அந்த நிம்மதியையும் கெடுத்துவிட்டது.

வடிவத்தைவிட அடுக்கு பயனுள்ளது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஒரே திசையில் பிளவுபடுவதால் மாலையாகக் கோத்து நிற்கும். ஸ்டஃபைலோகாக்கஸ் பல திசைகளில் பிளவுபடுவதால் கொத்தாகக் குவியும். இதற்கு மேல் வடிவத்திடம் எதிர்பார்க்காதீர்கள்.

கிராம் சாயம்: நூற்றாண்டு தாண்டிய ஐந்து நிமிடம்

1884இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், பெர்லினில் கார்ல் ஃப்ரீட்லாண்டரின் ஆய்வகத்தில் இருந்தார். அவருக்கு வகைப்பாட்டில் அக்கறை இருக்கவில்லை. நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் பாக்டீரியா தெளிவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சில கிருமிகள் சாயத்தைப் பிடித்துவைத்துக்கொண்டன, சில கைவிட்டன. கைவிட்டதை ஒரு குறையாகவே அவர் கண்டார். தன் முறை நிறைவானதல்ல என்று அடக்கமாக எழுதியும் வைத்தார். அந்தக் குறைதான் பாக்டீரியாவியலின் மிகப் பெரிய பிரிவினையாக மாறியது. நிறமிழந்தவற்றுக்குச் சிவப்பு ஏற்றும் கடைசிப் படியைச் சேர்த்தவர் கார்ல் வைகர்ட்.

முறை எளிது. முதலில் படிக ஊதா. பிறகு அயோடின், அது சாயத்தோடு சேர்ந்து பெரிய கூட்டுப்பொருளாகிவிடும். அடுத்து ஆல்கஹால். வித்தை நடப்பது இங்கேதான். கடைசியில் சஃப்ரனின் என்ற சிவப்பு.

ஆல்கஹால் ஏன் சிலவற்றின் நிறத்தைக் கழுவுகிறது? செல்சுவரின் கட்டமைப்புதான் காரணம். கிராம் நேர் பாக்டீரியாவின் சுவர், பெப்டிடோகிளைகான் என்ற வலைப்பொருள் பல அடுக்குகளாகச் சேர்ந்து 20 முதல் 80 நானோமீட்டர் வரை தடித்தது. ஆல்கஹால் பட்டால் அதன் நீர் வற்றி வலை இறுகுகிறது, ஊதா உள்ளே சிக்கிக்கொள்கிறது. கிராம் எதிர் பாக்டீரியாவில் அந்த வலை சில நானோமீட்டர் மெல்லிய படலம்தான். அதற்கு வெளியே கொழுப்பாலான இன்னொரு சவ்வு போர்த்தியிருக்கும். ஆல்கஹால் அந்தக் கொழுப்பைக் கரைத்து ஓட்டை போடுகிறது, ஊதா வெளியேறுகிறது, சிவப்பு குடியேறுகிறது.

ஆக, சாயம் சொல்வது நிறத்தை அல்ல, சுவரை. நூற்றுநாற்பது ஆண்டுகளாகியும் இந்தச் சோதனை ஓய்வுபெறாததற்கு அதுதான் காரணம். பல மருந்துகளின் வேலை சுவரோடு. வான்கோமைசின் பருமனான மூலக்கூறு; கிராம் எதிர் பாக்டீரியாவின் வெளிச்சவ்வைத் தாண்ட முடியாமல் வாசலிலேயே நின்றுவிடும். அதே வெளிச்சவ்வில் உள்ள லிப்போபாலிசாக்கரைடின் லிப்பிட்-ஏ என்ற பகுதி, இரத்தத்தில் கலந்தால் காய்ச்சலையும் இரத்த அழுத்த வீழ்ச்சியையும் தூண்டும் உள்நச்சு. இரத்த வளர்ப்புக் குப்பியில் எதுவோ வளர்ந்திருக்கிறது என்று தெரிந்ததும் மருத்துவருக்கு முதலில் போக வேண்டிய செய்தி சிற்றினப் பெயர் அல்ல. "கிராம் நேர், உருண்டை, கொத்து" என்ற மூன்று சொற்கள் போதும், மருந்தை மாற்றலாம்.

சாயத்தின் பொய்களையும் சொல்ல வேண்டும். மாணவப் பருவத்தில் ஒரு நாள் நான் பெருமையோடு ஒரு கண்ணாடித் தகட்டை நீட்டினேன்: சிவப்புக் கோல்கள், கிராம் எதிர். ஆசிரியர் நுண்ணோக்கியில் குனியவே இல்லை. "தட்டுக்கு எத்தனை நாள் வயது?" என்று மட்டும் கேட்டார். நான்கு நாள். அது பேசில்லஸ். கிராம் நேர் இனமாக இருந்தும், வயதான வளர்ப்பில் சுவர் சிதைந்து ஊதாவைத் தாங்க முடியாமல் போயிருந்தது. அன்றிலிருந்து ஒரு நாளுக்கு மேற்பட்ட வளர்ப்பின் சாய முடிவை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

வயது மட்டும் அல்ல. காசநோய்க் கிருமியின் சுவரில் மைக்காலிக் அமிலம் என்ற மெழுகு நிறைந்திருப்பதால் கிராம் சாயம் சரியாக ஏறாது. அதற்குச் சூடாக்கி ஏற்றி, அமிலம் கலந்த ஆல்கஹாலாலும் போகாத சிவப்பைக் கவனிக்கும் சீல்-நீல்சன் முறை வேண்டும். மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது. பெனிசிலின் அதனிடம் பலிக்காததும் அதனால்தான். இல்லாத சுவரை எப்படி இடிப்பது? கிளமிடியா நம் செல்களுக்குள்ளேயே ஒளிந்து வாழ்கிறது. மேகநோய்க் கிருமியான ட்ரெபோனிமா சாதாரண நுண்ணோக்கியில் கண்ணுக்குப் படாத அளவுக்கு மெலிந்தது. நான்கையும் தேடும்போது கிராம் சாயத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் "ஒன்றும் இல்லை" என்று எழுதிவிடக் கூடாது.

உயிர்வேதிச் சோதனைகள்: மச்சம் பார்க்கும் கலை

பாக்டீரியா எதைத் தின்கிறது, எதைக் கழிக்கிறது, ஆக்சிஜனைக் கண்டால் என்ன செய்கிறது என்பதை வைத்து அடையாளம் காண்பது இந்த வழி. இதில் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு என்பதை மறைக்கவில்லை.

கிராம் நேர் உருண்டை ஒன்றின் மீது ஒரு துளி ஹைட்ரஜன் பெராக்சைடு விடுங்கள். நுரைத்தால் ஸ்டஃபைலோகாக்கஸ் பக்கம், நுரைக்காவிட்டால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பக்கம். கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி. நுரைத்ததை எடுத்துப் பிளாஸ்மாவில் கலந்தால், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அதை உறையவைக்கும், அதன் சாதுவான உறவினர்கள் பெரும்பாலும் உறையவைக்காது. கிராம் எதிர் கோல்களில் ஆக்சிடேஸ் சோதனை சூடோமோனாஸ், விப்ரியோ கூட்டத்தை ஈ.கோலை குடும்பத்திலிருந்து பிரிக்கிறது. மெக்கான்கி ஊடகத்தில் லாக்டோசைப் புளிக்கவைக்கும் ஈ.கோலை இளஞ்சிவப்புக் காலனிகளாக வளரும். சால்மொனெல்லாவும் ஷிகெல்லாவும் நிறமில்லாமல் நிற்கும்.

ஆக்சிஜன் பிரிவினையும் இங்கேதான் வருகிறது. காசநோய்க் கிருமிக்குக் காற்று கட்டாயம். கிளாஸ்ட்ரிடியங்களுக்குப் பொதுவாகக் காற்று நஞ்சு. ஈ.கோலை இருந்தால் பயன்படுத்தும், இல்லாவிட்டாலும் சமாளிக்கும். கேம்பைலோபாக்டருக்குக் கொஞ்சமாக வேண்டும், அதிகமானால் ஆகாது. மாதிரியை எடுத்துவரும் விதமே தவறினால் கட்டாயக் காற்றில்லா உயிர்கள் வழியிலேயே செத்துவிடும். பிறகு எவ்வளவு நவீனக் கருவி இருந்தும் வளர்ப்பில் எதுவும் தெரியாது.

இந்த வழியின் பலவீனம் நேரம். ஒவ்வொரு படிக்கும் 18 முதல் 24 மணி நேரம். ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பதால் பொறுக்கலாம். காசநோய்க் கிருமி ஒரு முறை இரட்டிக்கவே 15 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது, வளர்ப்புக்கு வாரக்கணக்கு. இன்னொரு பலவீனம், பண்புகள் நிலையானவை அல்ல. லாக்டோசைப் புளிக்கவைக்காத ஈ.கோலை திரிபுகள் உண்டு. மச்சத்தைக்கூட அகற்றிவிடலாம் அல்லவா.

ஆனாலும் ஓர் இடத்தில் இந்தப் பழைய கலை இன்றைய கருவிகளை வென்றுவிடுகிறது. நிமோனியாவை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியேயும், வாயில் சும்மா குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிசும் 16எஸ் மரபணுவில் 99 சதவீதத்துக்கும் மேல் ஒன்று. அந்த மரபணுவை நம்பினால் கோட்டைவிடலாம். பித்த உப்பு ஒரு துளி விட்டால் முன்னது கரைந்துபோகும், பின்னது கரையாது. ஆப்டோகின் என்ற வேதிப்பொருள் ஊறிய வில்லையைச் சுற்றியும் முன்னது பொதுவாக வளராமல் ஒதுங்கும்.

எதிர்ப்புரதம்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். செல்லின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரைகளையும் புரதங்களையும் எதிர்ப்புரதங்களால் (ஆன்டிபாடிகளால்) பிடித்துப் பார்க்கும் முறை இது. 1933இல் ரெபெக்கா லேன்ஸ்ஃபீல்டு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களை இப்படி ஏ, பி, சி என்று பிரித்தார். மருத்துவர்கள் இன்னும் அந்த எழுத்துகளில்தான் பேசுகிறார்கள். சால்மொனெல்லாவில் 2,500க்கும் மேற்பட்ட சீரோவகைகள் இதனால் அறியப்பட்டன. ஈ.கோலை ஓ157:எச்7 என்ற பெயரில் ஓ என்பது வெளிச்சவ்வின் சர்க்கரைச் சங்கிலி, எச் என்பது கசையிழை. சிற்றினத்துக்குள் நுணுகிப் பார்க்க உதவும். அதற்கு வெளியே போனால் கை கொடுக்காது.

புரதங்களின் நிறை: வேகம் வேண்டுமென்றால்

மால்டி-டாஃப் என்று அழைக்கப்படும் கருவி கடந்த சில ஆண்டுகளில் மருத்துவ ஆய்வகங்களின் அன்றாடத்தையே மாற்றிவிட்டது. காலனியிலிருந்து ஒரு துளியை உலோகத் தட்டில் தடவி, ஒளியை உறிஞ்சும் வேதிப்பொருளைப் போர்த்தி, லேசரால் சுடுகிறார்கள். மின்னூட்டம் பெற்ற புரதங்கள் வெற்றிடக் குழாயில் பறக்கின்றன. எடை குறைந்தது முன்னால் வந்துசேரும், கனத்தது பின்னால். இப்படிக் கிடைக்கும் கோட்டுப்படத்தை நூலகத்தில் உள்ள ஆயிரக்கணக்கான படங்களோடு ஒப்பிட்டால் சில நிமிடங்களில் பெயர் வந்துவிடும். பெரும்பாலான கோடுகள் ரைபோசோம் புரதங்களுடையவை.

உயிர்வேதிச் சோதனையோடு ஒப்பிட்டால் ஒரு நாள் மிச்சம். நோயாளியின் கோணத்தில் அது சின்ன விஷயமே அல்ல. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: இந்தக் கருவி யோசிப்பதில்லை, பொருத்திப் பார்க்கிறது. நூலகத்தில் இல்லாததை அது சொல்லாது. மிக நெருங்கியவற்றைப் பிரிக்கவும் தடுமாறும். ஈ.கோலையா ஷிகெல்லாவா என்றால் வழக்கமான அமைப்பில் கையை விரித்துவிடும். அதன் முதலீடும் பெரிது. அன்றாடம் ஏராளமான மாதிரிகள் வரும் ஆய்வகத்துக்குப் பொருந்தும். வாரத்துக்குப் பத்து மாதிரி வரும் இடத்தில் அது காட்சிப்பொருளாகிவிடும்.

16எஸ்: வம்சம் தெரிந்த நாள்

1977இல் கார்ல் ஊஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் வெளியிட்ட கட்டுரைக்கு முன்னால், பாக்டீரியாக்களின் உறவுமுறை என்பது ஏறக்குறைய கைவிடப்பட்ட கனவு. அவர்களுடைய யோசனை இதுதான்: எல்லா உயிர்களிலும் ரைபோசோம் உண்டு. அது இல்லாமல் புரதம் இல்லை. ஆகவே அதன் ஆர்என்ஏ மிக மெதுவாகவே மாறும். இரண்டு உயிர்களில் அந்த எழுத்து வரிசை எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவு தொலைவில் அவற்றின் பொது முன்னோர் நிற்கிறார். சுமார் 1,500 எழுத்துகள் கொண்ட 16எஸ் இதற்கு அளவான நீளம்.

முதல் அறுவடையே அதிர்ச்சி. மீத்தேன் உண்டாக்கும் "பாக்டீரியாக்கள்" பாக்டீரியாக்களே அல்ல என்று தெரியவந்தது. உட்கரு இல்லை, உருவமும் அளவும் அதே. ஆனால் சுவரில் வழக்கமான பெப்டிடோகிளைகான் இல்லை, சவ்வின் கொழுப்புகள் வேறு விதமாக இணைந்தவை, ஆர்என்ஏ முற்றிலும் வேறு. இன்று அவை ஆர்க்கியா என்ற தனி உலகம். நுண்ணோக்கியில் எத்தனை காலம் பார்த்திருந்தாலும் இது தெரியவந்திருக்காது.

இரண்டாவது அதிர்ச்சி சாயத்துக்கு. கிராம் எதிர் என்பது ஒரு குடும்பமே அல்ல. அந்தச் சிவப்புக் கூரையின் கீழ் ஒன்றுக்கொன்று வெகுதூரமான பல தொகுதிகள், அதாவது வம்சமரத்தின் பெருங்கிளைகள், இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரியது சூடோமோனடோட்டா. ஈ.கோலை, சால்மொனெல்லா, விப்ரியோ, சூடோமோனாஸ், ரிக்கெட்சியா எல்லாம் அதில்தான். நம் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவும் இந்தக் கிளையோடு தொடர்புள்ள முன்னோரிடமிருந்து வந்தவை என்பதால், கிருமி என்று திட்டும்போது கொஞ்சம் நிதானம் நல்லது. குடலில் காற்றில்லாமல் பெருகி, நம்மால் செரிக்க முடியாத சர்க்கரைகளை உடைக்கும் பேக்டீராய்டோட்டா தனித் தொகுதி. ஒரு காலத்தில் நீலப்பச்சைப் பாசி என்று தாவரங்களோடு சேர்க்கப்பட்டிருந்த சயனோபாக்டீரியா இன்னொன்று. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது அவற்றின் கைங்கரியம். ஸ்பைரோகீட்டுகளும் கிளமிடியாவும் தத்தம் தனித் தொகுதிகள்.

ஊதாக் கூட்டம் பெரும்பாலும் இரண்டே தொகுதிகளில் அடங்குகிறது. ஒன்று பேசில்லோட்டா: ஸ்டஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், பேசில்லஸ், கிளாஸ்ட்ரிடியம், லாக்டோபேசில்லஸ். கொதிநீரையும் தாங்கும் அகவித்துகளை உண்டாக்கும் திறமை இந்தத் தொகுதியில் மட்டும்தான் இருக்கிறது. மற்றொன்று ஆக்டினோமைசெட்டோட்டா. அவற்றின் டிஎன்ஏவில் குவானின், சைட்டோசின் எழுத்துகள் மிகுதி. காசநோய்க் கிருமியும் டிஃப்தீரியாக் கிருமியும் இங்கே. பூஞ்சைபோல் கிளைவிட்டு மண்ணில் படரும் ஸ்ட்ரெப்டோமைசிசும் இங்கே. மழை பெய்ததும் எழும் மண்வாசனைக்கு அதன் ஜியோஸ்மின் ஒரு முக்கியக் காரணம். கொடிய நோயும் அதற்கான மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினும் ஒரே தொகுதியிலிருந்து வந்தவை என்பதைச் சாயமோ வடிவமோ சொல்லியிருக்காது.

சாயமும் வம்சமும் நேருக்கு நேர் மோதும் இடங்களும் உண்டு. வெய்லோனெல்லாவுக்கு வெளிச்சவ்வு இருக்கிறது, சிவப்பாகவே தெரியும். ஆனால் வம்சப்படி ஊதாக் கூட்டமான பேசில்லோட்டாவைச் சேர்ந்தது. கதிர்வீச்சைத் தாங்குவதில் பெயர்பெற்ற டைனோகாக்கஸ் ஊதாவாகத் தெரியும். ஆனால் அதற்கு வெளிச்சவ்வு உண்டு. சுவரில்லாத மைக்கோபிளாஸ்மாக்கள் சுவர் இருந்த கிராம் நேர் முன்னோரிடமிருந்து வந்து, இருந்ததையும் தொலைத்துவிட்டவை.

அப்படியானால் 16எஸ் போதுமே என்று தோன்றும். போதாது. தொகுதி, குடும்பம், பேரினம் வரை அது நல்ல வழிகாட்டி. சிற்றினத்தில் கால் இடறும். ஒற்றுமை 98.7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வேறு சிற்றினம் என்று துணிந்து சொல்லலாம். அதற்கு மேலே இருந்தால் ஒரே சிற்றினம் என்று சொல்ல முடியாது. ஒரே செல்லுக்குள்ளேயே இந்த மரபணு பல படிகளாக இருக்கும், ஈ.கோலையில் ஏழு. சாயத்துக்கும் கருவிக்கும் பிடிபடாத, மெதுவாக வளரும், விநோதமான ஒன்று கையில் சிக்கினால் 16எஸ்ஸுக்குப் போங்கள். தினசரி வேலைக்கு வேண்டாம்.

ஜீனோம்: எல்லாம் தெரிந்தவரின் சிக்கல்

1995இல் ஹீமோஃபைலஸ் இன்ஃபுளூயன்சாவின் 18 லட்சத்துச் சொச்சம் எழுத்துகளும் வாசிக்கப்பட்டன. தனித்து வாழும் உயிர் ஒன்றின் முழு ஜீனோம் வெளியானது அதுவே முதல்முறை. இன்று இரண்டு பாக்டீரியாக்களின் ஜீனோம்களை அருகருகே வைத்துப் பொதுப் பகுதிகளின் சராசரி ஒற்றுமையைக் கணக்கிடுகிறார்கள். 95, 96 சதவீதத்தைத் தாண்டினால் ஒரே சிற்றினம். இதற்கு முன்பு டிஎன்ஏ கலப்பில் 70 சதவீதம் என்று வைத்திருந்த எல்லைக்கு இது நிகரானது.

பெரும்பாலும் இந்த எல்லை அழகாக வேலை செய்கிறது. சிக்கல், அது மருத்துவத்தோடு மோதும்போது. ஷிகெல்லா என்று நாம் தனியாக வைத்திருக்கும் பேரினம், ஜீனோமின் கணக்கில் ஈ.கோலையின் உள்ளேதான் இருக்கிறது. ஆந்த்ராக்ஸ் கிருமியும் பேசில்லஸ் சீரியசும் குரோமோசோமில் கிட்டத்தட்ட உடன்பிறப்புகள். முன்னதன் கொடுமைக்குக் காரணமான நச்சும் உறையும் இரண்டு பிளாஸ்மிட்களில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே உள்ள சிறு டிஎன்ஏ வளையங்களில், இருக்கின்றன. உறவை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தால் கொலைகாரனுக்கும் அவன் தம்பிக்கும் ஒரே அடையாள அட்டை.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. 2002இல் ஈ.கோலையின் மூன்று திரிபுகளை ஒப்பிட்டபோது, அவற்றின் மொத்தப் புரதங்களில் மூன்றுக்கும் பொதுவானவை 40 சதவீதத்துக்கும் குறைவு. பெயர் ஒன்று, சரக்கு வேறு. ஒன்று ஆய்வகத்துச் செல்லப்பிள்ளை, ஒன்று குடலில் இரத்தப்போக்கு உண்டாக்குவது, ஒன்று சிறுநீர்ப் பாதையைத் தாக்குவது. பாக்டீரியாக்கள் மரபணுக்களைப் பக்கத்து வீட்டுக்காரரிடமும் வாங்கிக்கொள்ளும் என்பதால் வம்சமரம் மட்டும் முழுக் கதையைச் சொல்வதில்லை.

இந்த இழுபறி ஒரு முறை தீர்ப்பு வரை போயிருக்கிறது. பிளேக் கிருமியின் டிஎன்ஏ, யெர்சினியா சூடோடியூபர்குளோசிஸ் என்ற பெரிதும் சாதுவான கிருமியோடு ஏறக்குறைய முழுக்கப் பொருந்தியதால், 1981இல் பிளேக்கை அதன் துணைச் சிற்றினமாக மாற்ற முன்மொழிந்தார்கள். அறிவியல்படி நியாயமான யோசனை. ஆனால் அந்த நீண்ட பெயரின் கடைசிச் சொல்லைக் கவனிக்காத ஒருவர் பிளேக்கைச் சாதாரணக் கிருமியாகக் கையாண்டால்? பெயரிடல் விதிகளில், உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய பெயரை நிராகரிக்க இடம் இருக்கிறது. 1985இல் தீர்ப்பாயம் அதைப் பயன்படுத்தியது. யெர்சினியா பெஸ்டிஸ் தன் பழைய பெயரோடு நீடிக்கிறது. மச்சமா வம்சமா என்ற வழக்கில் மச்சம் வென்ற அரிய சந்தர்ப்பம் இது. எனக்கு அதில் முழுச் சம்மதம்.

மற்ற இடங்களில் வம்சம்தான் வென்றுகொண்டிருக்கிறது. கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் 2016இல் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் ஆனது. 2020இல் லாக்டோபேசில்லஸ் 25 பேரினங்களாக உடைந்தது. 2021இல் தொகுதிகளின் பெயர்களுக்கும் "ஓட்டா" என்ற ஒரே ஈறு வந்தது. ஃபர்மிக்யூட்ஸ் பேசில்லோட்டாவாகவும் புரோட்டியோபாக்டீரியா சூடோமோனடோட்டாவாகவும் மாறின. பழைய நூல்களை வைத்துப் படிப்பவர்கள் இரண்டு பெயர்களையும் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை. எரிச்சல்தான்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

நோயாளி காத்திருக்கிறார் என்றால் கிராம் சாயம், உடனே. அதன்பின் மால்டி-டாஃப் இருந்தால் அது, இல்லாவிட்டால் கேட்டலேஸ், கோயாகுலேஸ் (பிளாஸ்மாவை உறையவைக்கும் சோதனை), ஆக்சிடேஸ், லாக்டோஸ் என்ற வரிசை. இரண்டும் இருந்தாலும் சாயத்தைத் தவிர்க்காதீர்கள். கருவி ஒரு பெயரையும் சாயம் வேறொன்றையும் சொன்னால், காலனி கலந்துபோயிருக்கலாம் என்று பொருள். மறுபடி பிரித்து வளர்க்க வேண்டும். அந்த எச்சரிக்கையைக் கொடுக்கக் கருவிக்குத் தெரியாது.

பலர் ஒரே நேரத்தில் நோயுற்றிருக்கிறார்கள், மூலம் ஒன்றா பலவா என்று தெரிய வேண்டும் என்றால் ஜீனோம். சிற்றினப் பெயரால் இங்கே பயன் இல்லை. இரண்டு நோயாளிகளிடமும் சால்மொனெல்லா என்பது, இரண்டு வீட்டிலும் நாய் இருக்கிறது என்பதுபோல. அந்த நாய்கள் ஒரே ஈற்றில் பிறந்தவையா என்று சொல்ல, ஒரு சில எழுத்து வேறுபாடுகளையும் எண்ண வேண்டும்.

புதிய சிற்றினம் என்று அறிவிக்கப்போகிறீர்கள் என்றால் 16எஸ்ஸில் தொடங்கி ஜீனோமில் முடியுங்கள். இடையில் சாயம், வடிவம், உயிர்வேதி எல்லாவற்றையும் செய்து பதிவிடுங்கள். விதிகளும் அதைத்தான் எதிர்பார்க்கின்றன.

முதல்முறை படிக்கும் மாணவரா? தொகுதிப் பெயர்களை மனப்பாடம் செய்து தொடங்குவது எனக்கு உடன்பாடில்லை. முதலில் சுவரைப் புரிந்துகொள்ளுங்கள், அடுத்து ஆக்சிஜன், அதற்கடுத்து அடுக்கு. இந்த மூன்றால் மருத்துவத்தில் எதிர்ப்படும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றைச் சரியான பெட்டியில் போடலாம். பிறகு வம்சமரத்தைத் திறந்து, எந்தப் பெட்டி பொய் என்று பாருங்கள். வெய்லோனெல்லாவும் மைக்கோபிளாஸ்மாவும் அப்போதுதான் சுவாரசியமாகும். முதலிலேயே படித்தால் அவை வெறும் விதிவிலக்குகள்.

ஒரே ஒரு கூட்டத்தினருக்கு மட்டும் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லை. மண்ணிலும் கடலிலும் உள்ள பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பகுதி இதுவரை எந்தத் தட்டிலும் வளர்ந்ததில்லை. காலனி இல்லாமல் கேட்டலேஸ் ஏது, மால்டி-டாஃப் ஏது? சூழலிலிருந்து நேரடியாக எடுத்த டிஎன்ஏவைத் தைத்து ஒட்டி உருவாக்கும் ஜீனோம்தான் அவற்றின் ஒரே சாட்சி. வளர்ப்பு இல்லாதவற்றுக்கு முறையான பெயர் கிடையாது, "கேண்டிடேட்டஸ்" என்ற முன்னொட்டோடு காத்திருக்க வேண்டும் என்பதே நீண்டகால நிலை. 2022இல் வந்த சீக்கோடு என்ற பெயரிடல் விதித்தொகுப்பு, டிஎன்ஏவின் எழுத்து வரிசையையே ஆதாரமாகக் கொண்டு பெயரிட அனுமதிக்கிறது. ஆக, வம்சம் முழுவதும் தெரிந்த, ஆனால் ஊதாவா சிவப்பா என்று யாரும் பார்த்திராத உயிர்களின் பட்டியல் இப்போது நீண்டுகொண்டே போகிறது.